மலைக்கு எந்தக் காடி: பிளக் போடும் ஃபோர்வீலா, டீசல் பிக்கப்பா?

மச்சான் போன மாதம் கண் சோதனைக்காக ஈப்போவுக்கு இறங்கினார். மலேசியாவின் கேமரன் மலையில் இருக்கும் தானா ராத்தாவுக்குத் திரும்பி வரும்போது கையில் மருந்துப் பையோடு ஒரு விளம்பரத் தாளும் இருந்தது. பேரங்காடியின் கீழ்த்தளத்தில் ஒரு ஃபோர்வீல் காடியைப் பளபளவென்று துடைத்து நிறுத்தியிருந்தார்களாம். கரண்டிலும் ஓடும், பெட்ரோலிலும் ஓடும், ராத்திரி வீட்டில் பிளக் போட்டால் போதும் என்று விற்பனைப் பையன் சொல்லியிருக்கிறான். “நூறு கிலோமீட்டருக்கு ஒன்றரை லிட்டர்தானாம் தம்பி. நம்ம பிக்கப் அதை ரிங்லெட் போறதுக்குள்ளயே குடிச்சிடுமே” என்றார்.

அவருடைய பிக்கப்புக்கு இருபது வயது. ரிங்லெட் பக்கம் குத்தகை நிலத்தில் தக்காளியும் சாமந்தியும் போடுகிறார். தார் ரோட்டை விட்டு இறங்கினால் நிலத்துக்கு ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் மண் பாதை. தினமும் வீட்டிலிருந்து அங்கே போய் வருவார். மாதம் இரண்டு நடை தாப்பாவுக்குச் சரக்கு, ஒரு நடை தஞ்சோங் மாலிமில் படிக்கும் மகளைப் பார்க்க. எல்லாம் சேர்த்து மாதம் 1,200 கிலோமீட்டருக்குள்தான் வரும்.

நான் தேயிலைத் தோட்டத்துக் கிராணி (குமாஸ்தா) மகன். கணக்குப் போட்டுப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு வாரம் உட்கார்ந்தேன். தெரிந்தவர் ஒருவரிடம் அதே வகைக் காடி ஒன்று இருந்தது. கெஞ்சி ஒரு நாள் வாங்கி ஓட்டியும் பார்த்தோம். இதே கேள்வி கேமரன் மலையில் இன்னும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருப்பதால் எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்த ஒன்றரை லிட்டர் சங்கதி. அது பொய் இல்லை, ஆனால் நமக்கான கணக்கும் இல்லை. சோதனைக்கூடத்தில் பேட்டரியை முழுக்க ஏற்றி ஓட்டுகிறார்கள், பிறகு காலியாக வைத்தும் ஓட்டுகிறார்கள். ஜனங்கள் பெரும்பாலான நேரம் கரண்டில்தான் போவார்கள் என்று அனுமானித்து இரண்டையும் கலந்து ஒரு எண்ணைத் தருகிறார்கள். வாங்கியவர் பிளக்கே போடாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. 2024 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2021-இல் பதிவான காடிகளில் இருக்கும் மீட்டர்களே சேகரித்த உண்மையான எரிபொருள் கணக்கு அது. இப்படிப் பிளக் போடும் ‘பிளக்-இன் ஹைபிரிட்’ காடிகள் நிஜ ரோட்டில் வெளியிட்ட கரியமில வாயு, சோதனைக் கணக்கைப்போல் மூன்றரை மடங்கு இருந்தது. எதிர்பார்த்த அளவுக்கு யாரும் பிளக் போடவில்லை. கம்பெனி காசில் பெட்ரோல் போடுகிறவன் எதற்கு ராத்திரியில் ஒயரை இழுத்துக்கொண்டு அலையப் போகிறான்?

அப்புறம் ‘ஃபோர்வீல்’ என்ற சொல். எங்கள் மலையில் ஃபோர்வீல் என்றால் லேண்ட்ரோவர்தான். 1948-இல் இங்கிலாந்தில் பிறந்த அந்த இனத்தின் தாத்தா பாட்டிகள் இன்னும் இங்கே கோஸும் கீரையும் சுமந்துகொண்டிருக்கிறார்கள். கதவு ஒட்டாது, கயிற்றால் கட்டியிருப்பார்கள், ஆனால் லோ கியரைப் போட்டால் வழுக்குப் பாறையிலும் பல்லி மாதிரி ஏறும். அந்த நினைப்போடு போய் பிளக்-இன் ஃபோர்வீல் வாங்கினால் ஏமாந்து போவோம். ஏனென்றால் இந்தப் பெயரில் மூன்று வேறு வேறு ஜாதி வண்டிகள் விற்கின்றன.

ஒரு ஜாதியில் என்ஜின் முன் சக்கரத்தை ஓட்டும், பின் சக்கரத்தைத் தனியாக ஒரு மின்மோட்டார் ஓட்டும். முன்னுக்கும் பின்னுக்கும் இடையே இரும்புத் தண்டே கிடையாது. 2013-இல் ஜப்பானில் வந்த மிட்சுபிஷி அவுட்லேண்டர் பிளக்-இன், வோல்வோவின் எக்ஸ்சி60, எக்ஸ்சி90 டி8 எல்லாம் இந்த வகை. இன்னொரு ஜாதியில் மோட்டார் கியர்பெட்டிக்குள்ளேயே இருக்கும், அங்கிருந்து தண்டு வழியாக நான்கு சக்கரத்துக்கும் போகும். பிஎம்டபிள்யூ எக்ஸ்5 பிளக்-இன் அப்படி. இதில் பேட்டரி தீர்ந்தாலும் நான்கு சக்கரமும் முன்போலவே வேலை செய்யும். மூன்றாவது ஜாதிதான் லேண்ட்ரோவருக்கு உறவுக்காரன்: லோ கியரோடு கூடிய நிஜமான ஃபோர்வீலில் மோட்டாரையும் சேர்த்தது. ஜீப் ராங்லர் 4எக்ஸ்இ, புதிய டிஃபெண்டர் பி400இ, தென்னாப்பிரிக்காவில் தயாராகும் ஃபோர்டு ரேஞ்சர் பிளக்-இன் ஆகியவை இதில் சேரும். மச்சானுக்கு வேண்டியது இந்த மூன்றாவது. ஆனால் இதில் ஒன்றைக்கூட இந்த மலையில் நான் இன்னும் பார்க்கவில்லை.

நான்காவதாக ஒன்று இருக்கிறது, அதைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். உயரமாக, உருட்டாக, ஜீப் மாதிரியே நிற்கும், பிளக்கும் இருக்கும், ஆனால் முன் இரண்டு சக்கரம் மட்டும்தான் ஓடும். ஜெய்கூ ஜே7-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு சக்கரம் ஓடும் ஜே7 பெட்ரோல் மட்டும் குடிப்பது. பிளக் போடும் ஜே7-இல் முன் சக்கரம் மட்டும். விற்பனைக்கூடத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். மச்சான் கொண்டு வந்த தாளைத் திருப்பிப் பொடி எழுத்தில் படித்தபோது நல்லவேளையாக அது முதல் ஜாதியாக இருந்தது.

இனி ஏற்றக் கணக்கு. தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தாப்பா கிட்டத்தட்ட தரையில். இடையில் 60 கிலோமீட்டர் வளைவு. இரண்டு டன் எடையை 1,400 மீட்டர் தூக்க மட்டும் ஏழரை யூனிட் கரண்டு வேண்டும். இது பள்ளிக்கூடப் பௌதிகம், எந்தக் கம்பெனி வந்தாலும் மாற்ற முடியாது. டயர் உராய்வும் காற்றும் தின்பது இன்னும் ஒன்பது யூனிட் என்று வையுங்கள். புதிய எக்ஸ்சி60-இன் பேட்டரி மொத்தமே 18.8 யூனிட், அதிலும் முழுவதையும் பயன்படுத்த விடமாட்டார்கள். ஆக, தாளில் எண்பது கிலோமீட்டர் என்று போட்டிருப்பது, தாப்பாவில் முழுதாக ஏற்றிக்கொண்டு கிளம்பினாலும் தானா ராத்தா வாசலில் மூச்சு வாங்கும். பழைய மாடல்களில் ஒன்பது, பன்னிரண்டு யூனிட்தான். ரிங்லெட் வருவதற்கு முன்பே பெட்ரோல் என்ஜின் முனக ஆரம்பித்துவிடும். அந்த நேரத்தில் அது சுமக்கும் பேட்டரி வெறும் பாரம்.

இறக்கம் வேறு கதை. ஏறும்போது செலவழித்ததில் ஒரு பங்கை இறங்கும்போது மோட்டார் திருப்பி வாங்கிக்கொள்ளும் என்பது இந்தக் காடிகளின் பெரிய பெருமை, நியாயமான பெருமைதான். லாத்தா இஸ்கண்டார் அருவிப் பக்கம் டுரியானோ பெத்தாயோ வாங்க நிறுத்தினால், இறங்கி வரும் வண்டிகளின் பிரேக் கருகிய வாடை மூக்கைத் துளைக்கும். மோட்டாரில் பிரேக் பிடிக்கும் வண்டியில் அந்த வாடை வராது. பிரேக் கட்டைகளும் பல மடங்கு உழைக்கும்.

ஆனால் நாம் குடியிருப்பது மேலே. இதைத்தான் எந்த விற்பனைப் பையனும் சொல்வதில்லை. ராத்திரி முழுக்கப் பிளக் போட்டுப் பேட்டரியை நிரப்பிவிட்டுக் காலையில் தாப்பாவுக்கு இறங்கினால், நிரம்பிய குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். இரவல் வாங்கிய காடியில் நாங்கள் அந்தத் தப்பைச் செய்தோம். ரிங்லெட்டைத் தாண்டி முதல் பத்துக் கொண்டையூசி வளைவுகளில் காலை எடுத்தால் வண்டி பிடிக்கவேயில்லை, பிரேக்கை மிதித்துக்கொண்டே போனோம். ஒரு கட்டத்தில் என்ஜின் தானாகவே எழுந்து உறும ஆரம்பித்தது. மச்சான் பயந்து என்னைப் பார்த்தார். பேட்டரியில் இடமில்லாததால் என்ஜினைச் சுற்றவிட்டு அந்த வேகத்தை அடக்குகிறது என்று பிறகுதான் புரிந்தது. மறுமுறை முக்கால்வாசி மட்டும் ஏற்றிக்கொண்டு இறங்கினோம். வண்டி அவ்வளவு சாதுவாக வந்தது, தாப்பா வரை பிரேக்கைத் தொட்டது கொஞ்சம்தான். அதனால் மலையில் இருப்பவர்கள் வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வி: இத்தனை விழுக்காட்டில் சார்ஜை நிறுத்து என்று இந்தக் காடியிடம் சொல்ல முடியுமா? சில மாடல்களில் முடியும். முடியாவிட்டால் அலாரம் வைத்து நடுராத்திரியில் எழுந்து பிளக்கைப் பிடுங்க வேண்டியதுதான்.

சேற்றுக்கு வருவோம். மின்மோட்டாருக்கு ஒரு நல்ல குணம் உண்டு. என்ஜினைப்போல் முறுக்கேற நேரம் கேட்காது. நின்ற இடத்திலிருந்தே முழு பலத்தையும் கொடுக்கும், அதையும் சொட்டுச் சொட்டாக அளந்து கொடுக்கும். மழை விட்ட மதியத்தில் நிலத்துப் பாதையின் முதல் மேட்டை அது ஏறிய விதத்தைப் பார்த்து மச்சான் விசிலடித்தார். முன் சக்கரம் ஒரு சுற்று வழுக்கியது, பின்னாலிருந்து யாரோ தோள் கொடுத்துத் தள்ளியது போல் வண்டி சத்தமில்லாமல் ஏறிவிட்டது.

இரண்டாவது மேடு செங்குத்து. அங்கே எட்டுக் கூடை தக்காளியை ஏற்றினோம். மூன்று முறை முயன்றபோது பின் மோட்டார் சூடாகிவிட்டது என்று முகப்பில் மஞ்சள் விளக்கு எரிந்தது, பின் சக்கரத்தின் இழுவை குறைந்துபோனது. இருபது நிமிடம் காத்திருந்தோம். அந்த இருபது நிமிடத்தில் பக்கத்து நிலத்துக்காரரின் பழைய லேண்ட்ரோவர், பின்னால் உர மூட்டைகளோடு, லோ கியரில் கடகடவென்று எங்களைத் தாண்டிப் போனது. அவர் கை காட்டினார். நாங்களும் காட்டினோம், வேறென்ன செய்ய.

குறை அந்த ஒரு வண்டியில் இல்லை, அமைப்பில் இருக்கிறது. லோ கியர் என்பது வேகத்தைக் குறைத்து பலத்தைப் பெருக்குகிற பல்சக்கரம். அது இருந்தால் என்ஜின் அலட்டிக்கொள்ளாது. தண்டில்லாத வகையில் அந்தப் பெருக்கல் கிடையாது, மோட்டார் மட்டும் மெல்ல நகர்ந்தபடி முழு மின்சாரத்தையும் குடித்துச் சூடேறுகிறது. பேட்டரி அடிமட்டத்துக்கு வந்துவிட்டால் என்ஜினோடு ஒட்டிய சிறிய ஜெனரேட்டர் பின் மோட்டாருக்கு ஊட்டும், ஆனால் கஞ்சி வார்க்கிற அளவுக்குத்தான். அதே தத்துவத்தில் பிக்கப்பும் வந்திருக்கிறது. பிஒய்டி ஷார்க் என்பது 1.5 லிட்டர் என்ஜினும் 29.58 யூனிட் பேட்டரியும் கொண்டது, ஓட்டத்தில் சிறுத்தை. ஆஸ்திரேலியாவில் அதற்கு இழுக்க அனுமதித்த எடை 2,500 கிலோ, லோ கியர் கிடையாது. லோ கியரை வைத்திருக்கும் ரேஞ்சர் பிளக்-இன்னுக்கு 3,500 கிலோ. பேட்டரி சிறியது, 11.8 யூனிட்தான், கரண்டில் நாற்பத்தைந்து கிலோமீட்டர் போனால் அதிகம். எதை விட்டு எதை வாங்குவது என்பது இந்த இரண்டு எண்களில் இருக்கிறது. தினமும் நகருக்குள் சுற்றுகிறவனுக்கு முதலாவது, மேட்டு நிலத்தில் சரக்கு ஏற்றுகிறவனுக்கு இரண்டாவது.

சரி, பிளக். இந்த விஷயத்தில் காடியைப் பார்க்கும் முன் வீட்டுச் சுவரைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

காடியோடு தருகிற ஒயரைச் சாதாரண 13 ஆம்பியர் சாக்கெட்டில் செருகலாம். பத்து ஆம்பியர் இழுக்கும், மணிக்கு இரண்டு யூனிட்டுக்குச் சற்று மேல் ஏறும். பதினெட்டு யூனிட் பேட்டரிக்கு எட்டு மணி நேரம், ஒரு ராத்திரி. கேட்பதற்கு எளிது. ஆனால் கெட்டில் ஐந்து நிமிடம் இழுப்பது வேறு, எட்டு மணி நேரம் தொடர்ந்து இழுப்பது வேறு. இரவல் காடியை ஒரு ராத்திரி அக்கா வீட்டு முன்கூடத்துச் சாக்கெட்டில் போட்டோம். விடியற்காலை நான் போய்ப் பிளக்கைத் தொட்டபோது கையை இழுத்துக்கொண்டேன். பிடுங்கிப் பார்த்தால் வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஒரு கால் மட்டும் பழுப்பேறியிருந்தது, தோசைக்கல் ஓரத்தில் ஒட்டிய மாவு நிறம். அக்கா அதை இன்னும் அலமாரியில் வைத்திருக்கிறார், மச்சான் காடிப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் காட்டுவதற்கு.

எங்கள் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. குளிர் ஊர், எல்லா வீட்டிலும் சுடுதண்ணீர் ஹீட்டர். மாலை ஏழு மணிக்கு ஹீட்டர், ரைஸ்குக்கர், அயர்ன், அதோடு காடியும் சேர்ந்தால் மெயின் விழும். அதற்கென்று தனி ஒயர், தனி ஃபியூஸ் கட்டை, முறையான சார்ஜர் என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் செய்வதுதான் சரி. சொந்த வீடு என்றால் அது ஒரு தடவைச் செலவு. தோட்டத்து லயத்திலோ கம்பெனி கொடுத்த வீட்டிலோ இருப்பவர்களுக்கு? சுவரில் ஓர் ஆணி அடிக்கவே ஆபீஸில் கேட்க வேண்டும். லயத்துக்குப் பழைய ஒயர், காடி நிறுத்துவது வீட்டிலிருந்து நாற்பது அடி தள்ளி மரத்தடியில். ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் ஒயரை இழுத்து மழையில் போட்டு வைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அவரோடு சகவாசம் வேண்டாம். தோட்ட வீட்டில் இருந்துகொண்டு பிளக்-இன் வாங்குவது, அடுப்பில்லாத வீட்டுக்கு அம்மிக்கல் வாங்குவது போல. பிளக் போட முடியாத பிளக்-இன் என்பது இருநூறு முந்நூறு கிலோ கூடுதல் எடையோடு ஓடுகிற பெட்ரோல் வண்டி, அவ்வளவுதான்.

இப்போது மச்சான் ஆவலோடு காத்திருந்த பணக் கணக்கு. இதில்தான் எனக்கே அதிர்ச்சி.

தீபகற்ப மலேசியாவில் டீசல் மானியம் 2024 ஜூன் 10-ஆம் தேதி போனது. 2.15 வெள்ளி (ரிங்கிட்) விற்ற லிட்டர் ஒரே ராத்திரியில் 3.35 ஆனது. சபா, சரவாக்கில் மட்டும் பழைய விலை தொடர்ந்தது. அதன்பின் வாரந்தோறும் ஏறி இறங்குகிறது. கணக்குக்கு 3 வெள்ளி என்று வைக்கிறேன். சரக்கோடு மலையில் ஓடும் பிக்கப் நூறு கிலோமீட்டருக்கு 11 லிட்டர் குடித்தால் மாதம் 1,200 கிலோமீட்டருக்கு 132 லிட்டர், 396 வெள்ளி. மச்சான் மாதிரிச் சிறு விவசாயிகளுக்குத் தகுதி இருந்தால், 2024-இல் அரசாங்கம் தொடங்கிய புடி மடானி டீசல் உதவித்தொகை அப்போது மாதம் 200 வெள்ளி. கழித்தால் கைவிட்டுப் போவது 196.

பிளக்-இன் காடி: சுற்றுவட்டார ஓட்டம் 700 கிலோமீட்டர் கரண்டில் என்று கொள்வோம். மேடு பள்ளத்தில், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, நூறு கிலோமீட்டருக்கு 25 யூனிட். ஆக 175 யூனிட். 2025 ஜூலையில் மாறிய கட்டணத்தில் வீட்டுக்கு ஒரு யூனிட் எல்லாம் சேர்த்து 44 சென் வாக்கில் வருகிறது. அப்படியானால் 77 வெள்ளி. குறைவாகப் பயன்படுத்தும் வீடுகளுக்கு ஒரு தள்ளுபடி உண்டு. யூனிட் கூடக் கூட அது தேய்ந்துகொண்டே போய் 1,000 யூனிட்டுக்கு மேல் ஒன்றுமில்லாமல் ஆகிவிடும். காடியும் வீட்டு மீட்டரில்தான் ஏறும் என்பதால் அந்த இழப்பையும் சேர்த்து 90 வெள்ளி என்று வைக்கிறேன். மீதி 500 கிலோமீட்டர் பெட்ரோலில், 45 லிட்டர். 2025 செப்டம்பர் 30-ஆம் தேதி தொடங்கிய புடி95 திட்டத்தில் மைகாட் அடையாள அட்டை காட்டுகிற குடிமக்களுக்கு ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1.99 வெள்ளி; அந்த விலையில் 90 வெள்ளி. மொத்தம் 180.

196-க்கும் 180-க்கும் வித்தியாசம் 16 வெள்ளி. ஒட்டுக்கடையில் இரண்டு பேர் பசியாறலாம்.

அதே அளவு பெட்ரோல் ஃபோர்வீல், பிளக்கே இல்லாதது, நூறுக்கு 10 லிட்டர் குடித்தால் மாதம் 239 வெள்ளி. அதோடு ஒப்பிட்டால் பிளக்-இன் மாதம் 59 வெள்ளி மிச்சம் பிடிக்கிறது. மானியம் இல்லாத விலையில் (திட்டம் தொடங்கியபோது 2.60 வெள்ளி) பெட்ரோல் போடுகிறவருக்கு மிச்சம் இன்னும் கூடும். ஆனால் விலையில் 50,000 வெள்ளி அதிகம் கொடுத்து, 3 விழுக்காடு நேர்வட்டியில் 9 ஆண்டுத் தவணை கட்டினால், அந்த ஐம்பதாயிரத்துக்கு மட்டும் மாதம் 588 வெள்ளி. 59-ஐ மிச்சம் பிடிக்க 588 கட்டுவதா? பெட்ரோல் இவ்வளவு மலிவாக இருக்கிற நாட்டில், ‘எரிபொருள் மிச்சம்’ என்று சொல்லி இந்தக் காடியை விற்பது எனக்குப் பிடிக்கவில்லை. விலை வித்தியாசம் பத்தாயிரம், பதினைந்தாயிரம் என்று சுருங்கினால் பேச்சு வேறு. சாலை வரி என்ஜின் அளவைப் பொறுத்தது என்பதால் 1.5 லிட்டர் பிளக்-இன்களுக்கு அங்கே ஒரு சின்ன ஆறுதல் உண்டு. முழு மின்கார்களுக்கு 2025 கடைசி வரை கிடைத்த இறக்குமதி வரி விலக்கு இவற்றுக்குக் கிடைக்கவில்லை. இவை விலை உயர்ந்து நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, புதுசு வேண்டாம், பழசு வாங்கலாம் என்று மச்சான் அடுத்த வாரமே கைப்பேசியை நீட்டினார். 2016, 2017 மாடல் ஐரோப்பியப் பிளக்-இன் ஃபோர்வீல்கள், முதலில் நான்கு லட்சத்தைத் தொட்டவை, இன்று புது பிக்கப் வாங்கும் காசுக்கு வந்துவிட்டன. தோல் இருக்கை, கண்ணாடிக் கூரை. ஆசை வரத்தான் செய்யும். ஆனால் பேட்டரிக்குப் பெரும்பாலும் 8 ஆண்டு உத்தரவாதம், அது முடிந்த கையோடுதான் அவை சந்தைக்கு வருகின்றன. எக்ஸ்5 40இ புதிதாக இருந்தபோதே கரண்டில் 31 கிலோமீட்டர்தான் சொன்னார்கள். பத்து வருடம் கழித்து அது ரிங்லெட் போய்த் திரும்புமா என்பதே சந்தேகம். பேட்டரியோ, சார்ஜ் ஏற்றும் பெட்டியோ போனால் இங்கே நம் பட்டறைக்காரர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுவார். ஆரஞ்சு நிற ஒயரைத் தொட அவருக்குப் பயிற்சி இல்லை, தொடக் கூடாது என்பதும் அவருக்குத் தெரியும். வண்டியை லாரியில் ஏற்றி ஈப்போவுக்கு இறக்க வேண்டும். என்ஜின் ஆயில், பெல்ட், குளிர்நீர் என்று பெட்ரோல் வண்டிக்கு உள்ள செலவும் அப்படியே இருக்கும். ஒரு வீட்டில் இரண்டு அடுப்பு எரிவது மாதிரி.

சின்ன விஷயம் ஒன்று: ஸ்பேர் டயர். பேட்டரி இடத்தைப் பிடித்துக்கொள்வதால் பல பிளக்-இன்களில் அதற்கு இடமே இல்லை, ஒரு பசைக் குப்பியும் காற்றடிக்கும் பெட்டியும் வைத்திருப்பார்கள். தாப்பா ரோட்டில் ராத்திரி பத்து மணிக்கு, மழையில், கைப்பேசிக்குச் சிக்னல் இல்லாத வளைவில் டயரின் பக்கவாட்டு கிழிந்தால் அந்தக் குப்பியை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

இவ்வளவு குறை சொன்னதால் எனக்கு இந்த வண்டி பிடிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். உண்மையில் எனக்கு ஆசையே வந்துவிட்டது. பள்ளி விடுமுறையில் ரிங்லெட்டிலிருந்து பிரிஞ்சாங் வரை வண்டிகள் ஒட்டிக்கொண்டு நிற்கும் நாளில் அதை ஓட்டிப் பாருங்கள். மற்றவர்கள் கிளட்சை மிதித்து முழங்கால் வலிக்க, இது சத்தமே இல்லாமல் ஊர்ந்து போகும். ஜன்னலைத் திறந்தால் தேயிலை வாசனை வருகிறது, நம் புகை வரவில்லை. வெப்பம் பேட்டரியின் எதிரி. எங்கள் ஊர் குளிர்ச்சி அதற்கு நல்லது. ஏசி ஓட்டும் செலவும் கிடையாது. வெளியே கரண்டு கொடுக்கிற வசதி வேறு இருக்கிறது. ஷார்க்கில் 6.6 கிலோவாட், ரேஞ்சரில் 6.9 கிலோவாட். மண் சரிந்து கரண்டு போன ராத்திரியில் வீட்டு விளக்கு, பிரிட்ஜ், ரைஸ்குக்கர் எல்லாம் அதில் ஓடும். இரவுச் சந்தையில் டபடபவென்று அலறும் ஜெனரேட்டருக்குப் பதில் காடியிலிருந்தே விளக்குப் போடலாம். பூக்கடைக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, காடி எவ்வளவு என்று கேட்காமல், ஒயர் எவ்வளவு நீளம் என்று கேட்டார். வாங்கினாலும் வாங்கிவிடுவார்.

ஆக, யாருக்கு எது என்று என்னைக் கேட்டால்: தானா ராத்தாவிலோ பிரிஞ்சாங்கிலோ சொந்த வீடு, வாசலிலேயே காடி நிறுத்த இடம், ஓட்டமெல்லாம் தார் ரோடு, எப்போதாவது ஈரப் புல்வெளியில் இறங்க வேண்டும், தங்கும் விடுதி நடத்துகிறீர்கள் என்றால் தண்டில்லாத பிளக்-இன் ஃபோர்வீல் உங்களுக்குச் சுகம். மிச்சம் பார்த்து வாங்காதீர்கள், சுகம் பார்த்து வாங்குங்கள். வாசலில் பிளக் இல்லை, ஆனால் மழைக்கால ரோட்டுக்கு நான்கு சக்கரம் வேண்டும் என்றால் பெட்ரோல் ஃபோர்வீலே போதும், விலையும் குறைவு, பட்டறையும் பக்கத்தில். மண் பாதையில் சரக்கு ஏற்றுகிறவருக்கு இன்னும் சில வருடத்துக்கு டீசல் பிக்கப்தான், லோ கியரோடு வரும் பிளக்-இன் பிக்கப் நம் கைக்கெட்டும் விலைக்கு வரும் வரை. முழு மின்காடியைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: வாசலில் பிளக் உள்ளவர்களுக்கு அது இதைவிடச் சுலபமான கணக்கு, ஆனால் மச்சானின் இரண்டாவது மேட்டுக்கு அதுவும் விடை இல்லை.

இதையெல்லாம் எழுதி, மேசையில் தாளைப் பரப்பி மச்சானுக்குப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், “அப்ப நம்ம பிக்கப்புக்குக் கிளட்ச் மாத்திடுவோம் தம்பி” என்றார். மறுநாளே பட்டறையில் விட்டுவிட்டார்.

நேற்று அக்கா போன் பண்ணினார். எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து, காடி நிறுத்தும் இடத்தில் சுவரை அளந்துகொண்டிருக்கிறாராம். யார் வரச் சொன்னது என்று அவருக்கும் தெரியவில்லையாம். மச்சான் நிலத்துக்குப் போயிருக்கிறார், போனை எடுக்கவில்லை.